பாகூர் வானும் பறத்தற்கல்வியும்

புதுவை இலாசுப்பேட்டையின் செம்மண் மேட்டில் 1,500 மீட்டர் நீளமுள்ள ஓர் ஓடுபாதை கிடக்கிறது. அதன் ஒரு முனையில் 07 என்றும் மறுமுனையில் 25 என்றும் வெள்ளை எண்கள் பெரிதாகத் தீட்டப்பட்டுள்ளன. காந்த வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணினால் ஏறத்தாழ 70 பாகையை நோக்கி ஓடும் திசைக்கு 07. நேரெதிரான 250 பாகைத் திசைக்கு 25. கடைசி இலக்கத்தை விட்டு எழுதுவது உலக வழக்கம். எந்நாளில், எந்நேரத்தில் எந்த முனையிலிருந்து எழுவது என்பதை முடிவு செய்வது காற்று.

ஆனி, ஆடித் திங்கள்களில் விடியலிலேயே மேற்கிலிருந்து கோடைக்காற்று வீசத் தொடங்கும். ஞாயிறு ஏற ஏற நிலம் கடலைவிட விரைந்து சூடேறும். நிலத்தின்மேல் உள்ள காற்று விரிந்து மேலெழ, கடலின்மேல் உள்ள குளிர்ந்த காற்று அவ்விடம் நோக்கி உட்புகும். ஆதலால் காலையில் மேற்கு நோக்கி எழுந்த வானூர்தி, அதே நாளின் பிற்பகலில் கிழக்கு நோக்கி எழ வேண்டியிருக்கும். பாகூர்க் களத்தில் நெல் தூற்றும் பெண்கள் இம்மாற்றத்தைக் கருவி எதுவுமின்றி அறிவர். காற்று திரும்பியதும் தாம் நிற்கும் பக்கத்தை மாற்றிக்கொள்வர். விமானியாக விரும்பும் மாணவரும் முதலில் கற்க வேண்டியது இதுவே.

எதிர்க்காற்றை நாடுவது ஏன்? இறக்கைக்குத் தரைமீது ஓடும் வேகத்தால் பயனில்லை. தன்மீது பாயும் காற்றின் வேகமே அதனைத் தூக்குகிறது. சிறு பயிற்சி வானூர்தி ஒன்று எழுவதற்கு 50 நாட் காற்றுவேகம் வேண்டும் என்று கொள்வோம். அது மணிக்கு 93 கிலோமீட்டர் அளவாகும். எதிரே 10 நாட் காற்று வீசினால், தரைமீது 40 நாட் வேகம் எய்தினாலே போதும். ஓட வேண்டிய தொலைவு வேகத்தின் இருமடிக்கேற்ப மாறுவதால், அது மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கிவிடும். காற்றைப் பின்னால் வைத்து ஓடினாலோ கணக்கு முழுவதும் தலைகீழாகும்; பாதை நீளும், எழுச்சி தாழும், எதிரே நிற்கும் தென்னைகள் அச்சந்தரும் அளவுக்கு அருகே வரும்.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் சிற்றூர்களில் வாழ்வோருக்கு வானூர்தி என்பது தலைக்கு மேலே ஒலியெழுப்பிச் செல்லும் ஒன்றாகவே இதுவரை இருந்து வருகிறது. 2024 திசம்பரிலிருந்து பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் பறக்கும் சுழல்விசிறி வானூர்திகளை அவர்கள் அண்ணாந்து பார்க்கின்றனர். அவற்றை ஓட்டுவதற்கான கல்வி தொலைவில் எங்கோ, வேறு யாருக்கோ உரியது என்னும் எண்ணம் ஊறிக் கிடக்கிறது. அக்கல்வியின் உள்ளே புகுந்து பார்த்தால் இவ்வெண்ணம் நிற்காது. காற்று, வெப்பம், ஈரம், எடை, வயல், ஏரி, பறவை ஆகியவையே அதன் பாடங்கள். இவை அனைத்தும் அவ்வூர்ப் பிள்ளைகளின் கண்முன் உள்ளவை.

இறக்கையின் இயல்பிலிருந்து தொடங்குவோம். உலகெங்கும் பயிற்சிக்குப் பயன்பட்டுவரும் செசுனா 152 என்னும் ஈரிருக்கை வானூர்தியின் உச்ச எடை 757 கிலோ. அதன் இறக்கைப் பரப்பு ஏறத்தாழ 14.9 சதுர மீட்டர். ஆகவே ஒவ்வொரு சதுர மீட்டரும் 51 கிலோவைச் சுமக்க வேண்டும்; ஒரு சிமிட்டி மூட்டையின் எடை என்று சொல்லலாம். கடல்மட்டத்தில் வளிமண்டலம் ஒரு சதுர மீட்டரின்மேல் செலுத்தும் அழுத்தமோ பத்து டன்னுக்கும் மேற்பட்டது. அப்பேரழுத்தத்தில், இறக்கையின் மேற்புறத்துக்கும் கீழ்ப்புறத்துக்கும் இடையே ஆயிரத்தில் ஐந்து பங்கு வேறுபாட்டை உண்டாக்கினால் வானூர்தி மிதக்கும். இவ்வளவு சிறிய வேறுபாட்டை நம்பித்தான் மாந்தர் வானில் அமர்ந்திருக்கின்றனர் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு மேலிடுகிறது.

இவ்வேறுபாடு எவ்வாறு பிறக்கிறது என்பதற்குப் பள்ளிகளில் ஒரு பிழையான விளக்கம் நெடுங்காலமாக உலவுகிறது. இறக்கையின் மேற்புறம் வளைந்து நீண்டிருப்பதால், கீழே செல்லும் காற்றோடு பின்விளிம்பில் ஒரே நேரத்தில் சேர்வதற்காக மேலே செல்லும் காற்று விரைகிறது என்பர். அவ்வாறு சேர்ந்தாக வேண்டும் என்னும் விதி இயற்கையில் இல்லை. காற்றுச் சுரங்கத்தில் புகையிழைகளை விட்டுப் பார்த்தால், மேற்புறக் காற்று கீழ்ப்புறக் காற்றை முந்திச் சென்றுவிடுவது தெரியும். காற்றை எதிர்நோக்கிச் சற்றே தூக்கிப் பிடிக்கப்பட்ட இறக்கை, தன்னைச் சூழ்ந்து ஓடும் காற்றைக் கீழ்நோக்கி வளைக்கிறது. கீழே தள்ளப்படும் காற்றின் எதிர்வினையாக இறக்கை மேலே தள்ளப்படுகிறது. மேற்புறத்தின் தாழ்வழுத்தமும் கீழ்ப்புறத்தின் உயரழுத்தமும் அதே நிகழ்வின் இன்னொரு முகம். தட்டையான பலகையும் பறக்கும் என்பதற்கும், வானூர்தி தலைகீழாகவும் பறக்க வல்லது என்பதற்கும் இதுவே காரணம்.

எதிர்க்காற்றுக்கும் இறக்கைக்கும் இடையே உள்ள சாய்வைத் தாக்குகோணம் என்கிறோம். பறத்தற்கல்வியில் இதனினும் உயிர்ப்பான சொல் வேறில்லை. கோணம் மிக மிக ஏற்றுவிசை மிகும்; ஆயினும் ஏறத்தாழ 15, 16 பாகையில் ஓர் எல்லை உண்டு. அதைக் கடந்தால் மேற்புறக் காற்று இறக்கையை ஒட்டி ஓட முடியாமல் பிரிந்து சிதறும்; ஏற்றுவிசை திடுமெனக் குன்றும். இதனை ஏற்றமிழப்பு எனலாம். பொறி நின்றுபோவதையே இது குறிக்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். பொறி முழு வலிமையோடு முழங்கிக்கொண்டிருக்கும்போதும் ஏற்றமிழப்பு நேரும்.

வளையும்போது இதன் இடர் பெரிது. வானூர்தி ஒருபுறம் சாய்ந்து திரும்புகையில், ஏற்றுவிசையின் ஒரு பகுதி வளைவதற்குச் செலவாகிவிடுவதால், உயரம் குன்றாதிருக்க இறக்கை கூடுதலாகச் சுமக்க வேண்டும். 60 பாகைச் சாய்வில் அச்சுமை இருமடங்கு. நேர்ப்பறப்பில் 48 நாட் வேகத்தில் ஏற்றம் இழக்கும் வானூர்தி, அச்சாய்வில் 68 நாட்டிலேயே இழந்துவிடும். தரையிறங்குவதற்காக ஓடுபாதையை நோக்கித் திரும்பும் கடைசி வளைவில், பாதையைத் தாண்டிவிட்டோமே என்று பதறி, இறுக்கி வளைக்கும் புதியவர் இக்கண்ணியில் வீழ்வார். உயரமோ சில நூறு அடிதான், மீள இடமிராது. ஆதலால்தான் பயிற்றுநர்கள் மாணவரை 3,000 அடிக்கு மேலே அழைத்துச் சென்று, வேண்டுமென்றே ஏற்றமிழக்கச் செய்து, மீளப் பழக்குகின்றனர். மூக்கு சரியும்போது கையிலுள்ள பிடியைப் பின்னிழுத்துத் தூக்கவே மனம் துடிக்கும். முன்தள்ளித் தாக்குகோணத்தைக் குறைக்க வேண்டும் என்பது அறிவியல். உள்ளுணர்வை அறிவு வெல்லும் வரை இப்பயிற்சி திரும்பத் திரும்ப நிகழும்.

இக்கல்விக்குள் புகும் வாயில் எது? இந்தியாவில் இதனை ஆள்வது குடிமை வான்போக்குவரத்துத் தலைமை இயக்ககம்; டி.ஜி.சி.ஏ. என்று செய்தித்தாள்களில் காண்பது அதுவே. மாணவ விமானி உரிமத்துக்கு அகவை 16, தனியார் விமானி உரிமத்துக்கு 17. இரண்டுக்கும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். இரண்டாம் வகை மருத்துவச் சான்று வேண்டும். வான்நெறி விதிகள், வழியறிதல், வானிலையியல், வானூர்தியும் பொறியும் ஆகிய பாடங்களில் தேர்வு உண்டு. வானொலிக் கருவியில் பேசுவதற்குத் தனி உரிமம் பெற வேண்டும். தனியார் விமானி உரிமத்துக்கு மொத்தம் 40 மணிப் பறப்பு; அதில் 20 மணி தனித்து; தனித்த பறப்பில் 5 மணி தொலைவழி. அத்தொலைவழிப் பறப்புகளுள் ஒன்று 150 கடல்மைலுக்குக் குறையாமல், வேறுவேறான இரு நிலையங்களில் இறங்கி எழுந்ததாக இருத்தல் வேண்டும். இவ்வுரிமம் பெற்றவர் கூலிக்குப் பறத்தல் ஆகாது. அதற்கு 200 மணிப் பறப்புடைய வணிக விமானி உரிமம் தனியே உண்டு.

விதிகளைக் காட்டிலும் நம் மண்ணுக்கே உரிய பாடங்கள் சுவைமிக்கவை. கத்திரி வெயிலை எடுத்துக்கொள்வோம். வானூர்திக் கையேடுகள் 15 பாகை செல்சியசு வெப்பத்தைத் தரமாகக் கொண்டவை. அவ்வெப்பத்தில் கடல்மட்டக் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.225 கிலோ. புதுவையில் 40 பாகை கொளுத்தும் வைகாசி நண்பகலில் அது 1.13 கிலோவுக்குக் குறைந்துவிடும். எட்டு விழுக்காடு இழப்பு. கடற்கரையில் நிற்கும் வானூர்திக்கு அந்நேரத்தில் ஏறத்தாழ 900 மீட்டர் உயரமுள்ள மலைமேல் நிற்பது போன்ற காற்றே கிடைக்கிறது. இறக்கை பற்றிக்கொள்ளக் காற்று குறைவு, சுழல்விசிறி தள்ளக் காற்று குறைவு, பொறி எரிக்கக் காற்று குறைவு. மூன்றும் சேர்ந்து, எழுவதற்கு ஓடும் தொலைவை ஐந்தில் ஒரு பங்கு நீட்டிவிடும். இலாசுப்பேட்டைப் பாதையின் நீளம் சிற்றூர்திக்குத் தாராளமாகப் போதும். ஆயினும் எழுந்தபின் உயரும் வேகம் குன்றுவதால், இருவர் எடையும் நிறைந்த எரிபொருளும் கொண்டு நண்பகலில் எழுவதை அறிவுடைய பயிற்றுநர் தவிர்ப்பார்.

புழுக்கமான நாளில் காற்று கனத்துவிட்டது என்று ஊரில் சொல்வோம். உடலுக்குத் தோன்றுவது அது. இயற்பியல் கூறுவது இதற்கு மாறு. நீராவி மூலக்கூறின் நிறை எண் 18. உலர்காற்றின் சராசரி 29. ஈரம் மிக மிகக் காற்று இலேசாகும். கடலோர வெம்மையில் இவ்விழப்பு ஒன்றரை விழுக்காட்டை எட்டும். சிறிதெனினும் வெப்பத்தின் இழப்போடு கூடும்போது அதைக் கணக்கில் கொள்ளாமல் விட இயலாது.

இதனினும் வியப்பு தருவது பனிக்கட்டி. பாகூரில் யாரும் வானிலிருந்து பனிக்கட்டி விழக் காத்திருப்பதில்லை. ஆயினும் மார்கழிக் காலையில், வெப்பநிலை 22 பாகையாக இருக்கும்போதும், வானூர்திப் பொறியின் உள்ளே பனிக்கட்டி உறையக்கூடும். பழைய வகைப் பயிற்சி வானூர்திகளில் எரிபொருளும் காற்றும் கலக்கும் கார்புரேட்டர் என்னும் உறுப்பில் எரிபொருள் ஆவியாகிறது. குறுகிய தொண்டையில் காற்று விரைந்து அழுத்தம் தாழ்கிறது. இரண்டும் சேர்ந்து அவ்விடத்தின் வெப்பநிலையை 20 பாகைக்கும் மேலாகக் கீழிறக்கிவிடும். ஏரிக்கரை ஈரம் அங்கே வெண்படலமாகப் படிந்து காற்றின் வழியை அடைக்கும்; பொறி மெல்ல மெல்லத் தளரும். வெப்பக் காற்றைத் திருப்பிவிடும் குமிழ் ஒன்றை இழுப்பதே மருந்து. வெயில் நாட்டில் பிறந்தவர் பனிக்கு அஞ்சிப் பழக வேண்டும் என்பது இக்கல்வியின் அழகுகளுள் ஒன்று.

பறப்பதற்கு முன் வானூர்தியைச் சுற்றி நடந்து ஒவ்வோர் உறுப்பையும் தொட்டுப் பார்ப்பது கடமை. இறக்கையிலுள்ள எரிபொருள் தொட்டியின் அடியிலிருந்து சிறிது வடித்து, ஒளியில் பிடித்துப் பார்ப்பர். இரவின் ஈரம் தொட்டிக்குள் குளிர்ந்து நீராக அடியில் தங்கியிருந்தால் அது தனிப்படலமாகத் தெரியும். இறக்கையின் கீழே முன்னோக்கி நீட்டிய ஒரு சிறு குழாய், எதிர்க்காற்றின் அழுத்தத்தை அளந்து வேகமானிக்கு அனுப்புகிறது. நம் ஊர்க் குளவிக்கு அத்துளை மிக ஏற்ற இடம். சிறிது காலம் மூடாமல் விட்டால் மண்கூடு கட்டிவிடும். துளை அடைபட்டால் வேகமானி பொய்யுரைக்கும். நிறுத்திவைக்கும் வானூர்தியின் குழாயில் சிவப்புப் பட்டை தொங்கும் உறையைக் காண்பதன் காரணம் இதுவே.

பறவைகள் வேறொரு பாடம். ஓடுபாதைக்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் ஊசுட்டேரி விரிந்திருக்கிறது. வில்லியனூர்ப் பகுதியின் பெருநீர்நிலையாகிய அது 2008இல் பறவைப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. மழைக்காலம் கழிந்த திங்கள்களில் வலசை வரும் வாத்துகளும் நாரைகளும் அங்கே திரளும். விடியலிலும் அந்தியிலும் அவை இரைதேடி எழுந்தும் அடையத் திரும்பியும் தாழப் பறக்கும். ஒரு கிலோ எடையுள்ள பறவையை 90 நாட் வேகத்தில் எதிர்கொண்டால் முன்கண்ணாடி தாங்காது போகலாம். ஏரிகளின் மேலே உயர்ந்து பறத்தல், அவை எழும் நேரத்தை அறிந்திருத்தல் ஆகியவை விமானியின் பொறுப்பு. பெரும்பாலான பறவைகள் அச்சத்தில் கீழ்நோக்கிப் பாயும் என்பதால் விமானி மேல்நோக்கி விலகுவார். புகலிடத்தின் மேலே தாழப் பறந்து படம் பிடிப்பது அறமும் ஆகாது.

பயிற்சியின் பெரும்பகுதி சுற்றுப்பறப்பிலேயே கழியும். எழுந்து, ஏறத்தாழ 1,000 அடி உயரத்தில் ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் பறந்து, இருமுறை திரும்பி, மீண்டும் பாதையில் இறங்கி, நிற்காமலே மறுபடி எழுதல். தரையைத் தொடுவது இக்கலையின் அரிய பகுதி. இறக்கைகளின் முனைக்கு முனையான நீளத்துக்குச் சமமான உயரத்துக்குக் கீழே வந்ததும், தரையின் அண்மையால் இழுவை குறைந்து வானூர்தி இறங்க மறுத்து மிதக்கும். அப்போது தரையில் அழுத்த முயல்பவர் துள்ளிக் குதிப்பார். மூக்கைச் சிறிது சிறிதாக உயர்த்தி, வேகம் தானே ஆறும்வரை பொறுத்திருப்பவரின் பின்சக்கரங்கள் மெல்லத் தொடும்.

ஒருநாள் பயிற்றுநர் கதவைத் திறந்து இறங்கிவிடுவார். இத்தனை மணி பறந்தபின் என்று கட்டாயக் கணக்கில்லை. மாணவரின் தேர்ச்சியே அளவு. தனித்தெழும் மாணவர் உடனே உணர்வது வானூர்தியின் இலேசு. இரண்டாமவரின் எடை போனதால் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சுமை குறைந்து, அது எதிர்பார்த்ததைவிட விரைந்து மேலேறும். இருவராய்ப் பறந்தபோது சுற்றின் எந்த இடத்தில் 1,000 அடியை எட்டினாரோ, அதற்கு முன்பே எட்டிவிடுவார்.

வயல்வெளியில் வாழ்வோரின் அறிவு நேரடியாக உயிர்காக்கும் இடம் ஒன்று உண்டு. வானில் பொறி நின்றுவிட்டால் என்ன செய்வது என்னும் பாடம் அது. பொறி நின்ற வானூர்தி கல்லாக வீழ்வதில்லை, சறுக்கிப் பறக்கும். செசுனா 152 ஓரடி இறங்குவதற்குள் ஒன்பதடி அளவு முன்னேறும். வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயிலின் மேலே 3,000 அடியில் பொறி நின்றால், காற்றில்லாத நாளில் 8 கிலோமீட்டர் அளவு சறுக்கலாம். இலாசுப்பேட்டை ஓடுபாதை எட்டுமோ எட்டாதோ என்னும் எல்லை அது. மேற்குக் காற்று பின்னிருந்து தள்ளினால் எட்டும். கடற்காற்று எதிர்த்தால் எட்டாது. எட்டாது என்று தெரிந்த நொடியிலேயே அந்நப்பாசையை விட்டுக் கீழேயுள்ள நிலத்தைத் தேடுபவரே பிழைப்பார்.

எந்த நிலம்? பாகூர்ப் பகுதி புதுவையின் நெற்களஞ்சியம். சம்பா நட்ட வயல் வானிலிருந்து பச்சைப் பட்டாய் மின்னும். அதில் இறங்கினால் சக்கரம் சேற்றில் புதைந்து வானூர்தி குப்புறக் கவிழும். கரும்புக் கொல்லை மெத்தென்று தோன்றும். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த அதன் கழிகள் இறக்கையைப் பற்றிச் சுழற்றிவிடும். சவுக்குத் தோப்பும் தென்னந்தோப்பும் விலக்கத் தக்கவை. தை அறுவடை முடிந்து காய்ந்த வயலே ஏற்றது. அங்கும் வரப்புக்குக் குறுக்கே ஓடாமல் நெடுக்கே ஓடுமாறு திசை தேர வேண்டும். மின்கம்பிகள் மேலிருந்து கண்ணுக்குத் தெரியாது; கம்பங்களின் வரிசையைக் கண்டு கம்பியை உய்த்துணர வேண்டும். காற்றுத் திசையை வைக்கோல் எரியும் புகை காட்டும். புகை இல்லாவிடில் பாகூர் ஏரியைப் பார்க்கலாம். எந்தக் கரையை ஒட்டி அலையற்ற நீர்ப்பட்டை தெரிகிறதோ, அக்கரையின் பக்கமிருந்து காற்று வருகிறது. எந்த வயலில் எப்போது நீர் நிற்கும், எந்த வரப்பு உயர்ந்தது, நவரைப் பட்டம் எங்கே தொடங்கிவிட்டது என்பதையெல்லாம் நகரத்து மாணவர் நூலில் தேடுவார். உழவர் வீட்டுப் பிள்ளைக்கு இது நடந்து பழகிய நிலம். இவ்வறிவின் மதிப்பை நாம் இன்னும் உணரவில்லை என்பது என் உறுதியான கருத்து.

தொலைவழிப் பறப்புக்கு ஒரு பாதையை வரைந்து பார்ப்போம். இலாசுப்பேட்டையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு வரைபடத்தில் நேர்கோடு இழுத்தால், அது தென்மேற்காக வில்லியனூரின் மேலே சென்று, நெய்வேலிச் சுரங்கங்களை ஒட்டி, வெள்ளாற்றைக் கடந்து, கொள்ளிடத்தை எட்டும். ஏறத்தாழ 180 கிலோமீட்டர். அங்கிருந்து சேலம், சேலத்திலிருந்து மீண்டும் புதுவை என்று சுற்றினால் 270 கடல்மைல் அளவாகும். இப்பறப்பில் காற்று ஓயாமல் பக்கவாட்டில் தள்ளும். 90 நாட் வேகத்தில் செல்லும் வானூர்தியை 15 நாட் குறுக்குக்காற்று தள்ளும்போது திருத்தாமல் விட்டால், ஒரு மணியில் 28 கிலோமீட்டர் விலகிவிடும். மூக்கை ஏறத்தாழ பத்துப் பாகை காற்றை நோக்கித் திருப்பி வைத்தால் நேர்வழி கிட்டும். செயற்கைக்கோள் வழிகாட்டி கையில் இருப்பினும், இம்முக்கோணக் கணக்கைத் தாளில் போடத் தெரியாதவருக்கு உரிமம் தரப்படுவதில்லை. நெய்வேலியின் கரிய பள்ளங்களும் திருவரங்கத்தின் 236 அடி அரசகோபுரமும் கணக்கு சரியென்று சான்று கூறும் அடையாளங்கள்.

உயரமானியும் காற்றழுத்தத்தை அளந்தே உயரம் சொல்கிறது. வங்கக் கடலில் தாழ்வழுத்தம் உருவாகும் நாளில் அழுத்தம் 10 எக்டோபாசுக்கல் குறைந்திருக்க, விமானி அதைக் கேட்டுத் திருத்தி வைக்காவிடில், கருவி உண்மையைவிட 300 அடி அளவு கூட்டிக் காட்டும். 2011 திசம்பர் 30இல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரையேறிய தானே புயலை அறிந்த மக்களுக்கு, அழுத்தம் வீழ்வதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

முகிலுக்குள் நுழைவது புதியவர் செய்யத்தகாத செயல்களுள் முதன்மையானது. கண்ணால் கண்டு பறக்கும் உரிமம் உடையவருக்குப் பொதுவாக 5 கிலோமீட்டர் தொலைவு தெரிய வேண்டும் என்று விதி வகுத்திருப்பதற்கு உடலியல் காரணம் உண்டு. காதின் உட்பகுதியிலுள்ள அரைவட்டக் குழல்களில் நிறைந்த நீர்மம் திரும்புதலை உணர்த்துகிறது. ஒரே சீராக நெடுநேரம் திரும்பினால் அந்நீர்மமும் உடன் சுழன்று, திரும்பவில்லை என்று மூளைக்குச் சொல்லும். அடிவானம் மறைந்தால் அப்பொய்யைத் திருத்தக் கண்ணுக்கு வழியில்லை. 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தார், கருவி கொண்டு பறக்கப் பயிலாத 20 விமானிகளைக் கண்ணுக்கு வெளித்தோற்றம் தெரியாதவாறு ஆய்ந்தனர். இருபதின்மரும் கட்டுப்பாட்டை இழந்தனர். சராசரியாக 178 நொடிகள். ஊசுட்டேரியிலிருந்து தைக் காலையில் எழும் மூடுபனியைக் கண்டதும் பறப்பைத் தள்ளிவைக்கும் மாணவரே தேர்ந்த மாணவர்.

தமிழ்நிலத்துக்கு இத்துறை புதிதன்று. ரைட் உடன்பிறப்பினர் 1903 திசம்பர் 17இல் 12 நொடி பறந்து ஏழாண்டு நிறையும் முன்பே, 1910 மார்ச்சில், சென்னையில் விடுதி நடத்திவந்த டாஞ்செலிசு என்பார் தாம் வடிவமைத்த வானூர்தியை மக்கள் முன் பறக்கவிட்டார். அதனைக் கட்டித்தந்தது சென்னைச் சிம்சன் நிறுவனம். காரைக்குடியைக் கல்வி நகராக்கிய வள்ளல் அழகப்பர், 1930களில் இலண்டனை அடுத்த குராய்டனில் பறக்கப் பயின்று விமானியானவர். உஷா சுந்தரம் 1949இல் பெங்களூரு சக்கூர் அரசுப் பயிற்சிப் பள்ளியில் தேறி, 1950களின் தொடக்கத்தில் தம் கணவரோடு சேர்ந்து, சென்னை அரசுக்காக வாங்கிய டவ் வானூர்தியை இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு ஓட்டி வந்தார். இவர்களுள் செல்வமோ வாய்ப்போ இல்லாதவர் எவரும் இலர் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

தடை அங்கேதான் இருக்கிறது. நாற்பது மணிப் பறப்புக்கு இன்று பல இலட்சம் ரூபாய் வேண்டும். உழவர் குடும்பம் ஒன்றின் பல ஆண்டு வருவாய் அது. அடுத்த தடை மொழி. தேர்வுகளும் வானொலி உரையாடலும் ஆங்கிலத்தில் நடைபெறுகின்றன. உலக வான்வழிகளில் பொதுமொழி ஒன்று தேவை என்பதை ஏற்கிறேன். ஆயினும் ஏற்றுவிசையையும் காற்றழுத்தத்தையும் புரிந்துகொள்ள ஆங்கிலம் தேவையில்லை. தமிழில் தெளிவாகப் புரிந்துகொண்ட மாணவர், ஆங்கிலக் கலைச்சொற்களைச் சில திங்களில் கற்றுவிடுவார். புரியாமல் மனப்பாடம் செய்தவருக்கோ வானில் எம்மொழியும் துணைவராது.

ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தில் பாகூரில் உயர்கல்விக் கழகம் ஒன்று இருந்தது. அதைப் பேணுவதற்காக மூன்று ஊர்களின் வருவாய் வழங்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு கூறுகிறது. கல்விக்கு ஊரையே எழுதிவைத்த மண்ணில், பறத்தற்கல்விக்குச் சிறிதளவு வழிகாண்பது பெருஞ்செயலாகாது. புதுவை அரசுப் பள்ளிகளின் மேனிலை இயற்பியல் ஆசிரியர்கள் விமானத் தேர்வுப் பாடங்களைத் தமிழில் கையேடாக எழுதலாம். வில்லியனூர், பாகூர் மாணவர்களை ஆண்டுக்கொருமுறை இலாசுப்பேட்டை நிலையத்துக்கு அழைத்துச் சென்று, காற்றுப்பையையும் ஓடுபாதை எண்களையும் காட்டி விளக்கலாம். தகுதியுள்ள சிலருக்கேனும் அரசு பயிற்சிக் கட்டணத்தை ஏற்கலாம். இவற்றைக் கேட்டுப் பெறுவது பெற்றோரின் கையிலும் கொம்யூன் மக்களின் கையிலும் இருக்கிறது. பாகூர்ப் பள்ளி மாணவி ஒருத்தி பத்தாம் வகுப்பில் தேறி, 16 அகவை நிறைந்து, மருத்துவச் சான்றும் பெற்றுவிட்டால், மாணவ விமானி உரிமத்துக்கான வழியைச் சட்டம் அவளுக்குத் திறந்தே வைத்திருக்கிறது.